ஆர்.என்.ஏஸ் எல் மேல் போட்ட பொய்க்கேஸ்

டிஸ்கி: கொஞ்சம் கோவமான பதிவு. அறிவியல் எழுதும் நண்பர்கள் யாரையும் தனியா குறிவைக்கலை. முதல் குற்றவாளி அடியேன்தான்.

"இந்த நோய்க்கான மரபணு கண்டுபிடிப்பு!" தலைப்பைப் பார்த்தாலே இப்பல்லாம் பத்திக்கிட்டு வருது. கேன்சர் மரபணு, சர்க்கரை மரபணுன்னு நோயை வச்சே பேர் வைக்கிறோம். அது உடம்புல என்ன வேலை பார்க்குதுன்னு ஒருத்தரும் கேக்கறதில்லை.

ஆர்.என்.ஏஸ் எல் நொதியையே எடுத்துக்குங்க. இதோட மரபணு ஒண்ணாம் குரோமோசோம்ல இருக்கு. சாதாரண நாள்ல இது சும்மாதான் கிடக்கும். வைரஸ் உள்ளே வந்து இரட்டை இழை ஆர்.என்.ஏ. தலைகாட்டினா, இன்னொரு நொதி அதை மோப்பம் பிடிச்சு '2-5ஏ'ன்னு ஒரு சின்ன மூலக்கூறைத் தயாரிக்கும். அது வந்து ஒட்டினதும் நம்மாளு ஜோடி சேர்ந்து ஆர்.என்.ஏ.வை வெட்ட ஆரம்பிச்சுடுவார். வைரஸோடது, நம்மோடதுன்னு பெரிசா பேதமெல்லாம் கிடையாது. ரைபோசோம் ஆர்.என்.ஏ.வையே வெட்டுவார். திருடன் புகுந்த வீட்ல மெயின் ஸ்விட்சை அணைக்கிற வேலை. தேவைப்பட்டா செல்லே செத்துப்போகும். அப்பேர்ப்பட்ட காவல்காரன்!

2002-ல புராஸ்டேட் புற்றுநோய் பரம்பரையா வர்ற சில குடும்பங்கள்ல இந்த மரபணு பழுதாகி இருந்ததா ஒரு ஆய்வு வந்துச்சு. அடுத்தடுத்த ஆய்வுகள் ஆமாம்னும் இல்லைன்னும் மாத்தி மாத்தி சொல்லிச்சு. 2006-ல அடுத்த குண்டு. நொதியோட 462-வது இடத்துல ஆர்ஜினினுக்குப் பதில் குளுட்டமின், அதுவும் ரெண்டு பிரதியிலயும் இருக்கிறவங்க கட்டிகள்ல எக்ஸ்.எம்.ஆர்.வி.ன்னு ஒரு புது வைரஸாம். காவல்காரன் நோஞ்சான், திருடன் புகுந்தான், கேன்சர் வந்துச்சு. கதை சினிமா மாதிரி கச்சிதம். 2009-ல சயன்ஸ் இதழ்ல நாள்பட்ட சோர்வு நோயாளிகள் 101 பேர்ல 68 பேருக்கு அதே வைரஸ்னு வேற வந்துச்சு.

அப்பதான் நான் "விடை கிடைத்துவிட்டது"ன்னு ஒரு பதிவு போட்டேன். ஏகப்பட்ட பின்னூட்டம். அதுல ஒண்ணு: "அக்கா நாலு வருஷமா எழுந்திரிக்க முடியாம கிடக்கா. இந்த டெஸ்ட் எங்கே எடுக்கலாம் அண்ணா?" நான் ஒரு ஸ்மைலி போட்டு "சீக்கிரம் வந்துடும்"னு பதில் சொல்லியிருக்கேன். என்ன தெரியும்னு சொன்னேன்?

2011-ல குட்டு உடைஞ்சது. புராஸ்டேட் கட்டி ஒண்ணை எலிக்குள்ள வச்சு வளர்த்தப்போ, ரெண்டு எலி வைரஸ் துண்டுகள் கலந்து உருவானதுதான் எக்ஸ்.எம்.ஆர்.வி. அந்தக் கட்டியில இருந்து எடுத்த செல்களைப் பல ஆய்வகங்கள்ல வளர்த்தாங்க. அப்படிக் கசிஞ்ச மாசுதான் நோயாளிகளோட மாதிரிகள்ல தெரிஞ்சிருக்கு. சயன்ஸ் கட்டுரை 2011 டிசம்பர்லயும், 2006 கட்டுரை 2012-லயும் வாபஸ். 147 நோயாளிகளை மறுபடி பரிசோதிச்ச 2012 ஆய்வுல ஒருத்தருக்குக்கூட அந்த வைரஸ் இல்லை. அதுக்குள்ள எச்.ஐ.வி. மாத்திரை வாங்கி முழுங்கின சோர்வு நோயாளிகளும் உண்டு.

"அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கும் சார்"னு உடனே கிளம்பிடாதீங்க. திருத்திக்கிச்சு, ஒத்துக்கறேன். இந்த நொதியோட மரபணுவைப் பிரிச்செடுத்த ராபர்ட் சில்வர்மேன், 2006 ஆய்வுலயும் இருந்தவர், தன் மாதிரிகள்ல மாசுன்னு அவரே கண்டுபிடிச்சு ஒத்துக்கிட்டார். அந்த மனுஷனுக்கு ஒரு சலாம். ஆனா நாம திருத்தினோமா? வாபஸ் செய்தியை எத்தனை பேர் பதிவா போட்டோம்? நான் போடலை. மொக்கைப் படத்துக்கு விமர்சனம் எழுத மட்டும் நேரம் இருந்துச்சு.

இன்னொரு கொடுமை. 2023-ல சயன்ஸ் இதழ்லயே, கோவிடுக்கு அப்புறம் உடம்பு முழுக்க அழற்சி வந்த குழந்தைகள்ல அஞ்சு பேருக்கு இந்த நொதி வேலை செய்ற பாதையிலதான் பிறவிக் குறைன்னு வந்திருக்கு. பார்த்தது 558 குழந்தைகள். அதையும் "கோவிட் மரபணு"ன்னு எழுத யாராச்சும் கிளம்பியிருப்பீங்க. அஞ்சு பேர், சாமி!

பழைய பதிவுக்கு மேல சிவப்பு எழுத்துல திருத்தம் போட்டாச்சு. அக்காவுக்காகக் கேட்ட அந்தத் தம்பி மின்னஞ்சல் முகவரி எதுவும் விட்டுட்டுப் போகலை. இதைப் படிச்சா ஒரு வரி எழுதுப்பா.