மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகை: ஏற்காட்டிலிருந்து சைக்காலஜிஸ்ட்டைத் தேர்வு செய்வது எப்படி?

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்க சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். சேர்வராயன் மலையின் உள்கிராமம் என்றால், ஏற்காடு வந்து சேரவே தனியாக ஒரு பஸ் பிடிக்க வேண்டும். காபி எஸ்டேட்டில் தினக்கூலிக்குப் போகும் ஒரு தாய், பேச்சும் படிப்பும் பின்தங்கியிருக்கும் ஆறு வயது மகனை சைக்காலஜிஸ்ட்டிடம் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் கீழே போனால் ஒரு நாள் கூலி போச்சு. தவறான ஆளிடம் போனால், அந்தக் கூலியோடு குழந்தையின் முக்கியமான மாதங்களும் சேர்ந்து போகும்.

அரசு உதவி இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் அதை எந்த வரிசையில் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் சான்றிதழ், அதற்குக் காசு வேண்டாம்

பல பெற்றோர் முதலில் தனியார் கிளினிக்கில் பணம் கட்டி ஐ.க்யூ. டெஸ்ட் எடுத்துவிடுகிறார்கள். அந்த ரிப்போர்ட் மட்டும் மாற்றுத்திறனாளி சான்றிதழ் ஆகிவிடாது. சான்றிதழைத் தருவது அரசு மருத்துவ அதிகாரம் பெற்ற குழுதான். அதற்கான உளவியல் பரிசோதனையை அரசு மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாம். ஏற்காடு மக்களுக்கு அது பெரும்பாலும் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. யு.டி.ஐ.டி. எனப்படும் தேசிய அடையாள அட்டைக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம்.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் எல்லாம் அதில் வரும். சதவீதம் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும்.

சரி, காசு எந்த வழியில் வரும்?

முதல் வழி, மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை. தகுதியுள்ள அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய். சேலத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இந்தத் தொகை சாப்பாடு, மருந்து, பராமரிப்பு என எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். ஒரு தனியார் அமர்வுக்கு 1,000 ரூபாய் என்றால், இரண்டே அமர்வில் மாதம் முடிந்தது.

இரண்டாவது வழி, மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் 'நிராமயா' காப்பீடு. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. மருத்துவமனையில் அட்மிட் ஆனால்தான் என்றில்லை; தொடர் தெரபிக்கும் இதில் இடம் உண்டு, தனி உச்சவரம்போடு. முதலில் நாம் கட்டிவிட்டு, பில்லைக் கொடுத்துத் திரும்பப் பெற வேண்டும்.

பலர் சறுக்கும் இடம் இங்கேதான். நிராமயா நான்கு பிரிவினருக்கு மட்டும்: ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு. கற்றல் குறைபாடோ மனநோயோ மட்டும் இருந்தால் இதில் சேர முடியாது. அதாவது, சான்றிதழில் எழுதப்படும் அந்த ஒரு வரிதான் உங்களுக்கு எந்தக் கதவு திறக்கும் என்பதை முடிவு செய்கிறது.

மலையிலிருந்து இறங்குவதற்கும் உதவி உண்டு. சிகிச்சைக்கும் பயிற்சிக்கும் போய்வர இலவச பஸ் பாஸ் இருக்கிறது. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போதே அதையும், துணைக்கு வருபவருக்கான சலுகையையும் கேட்டுவிடுங்கள்.

யாரிடம் போவது?

சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் மருத்துவர், மருந்து எழுதலாம். சைக்காலஜிஸ்ட் பரிசோதனையும் தெரபியும் செய்பவர். 'கவுன்சிலர்' என்ற போர்டைக் குறுகிய கால கோர்ஸ் முடித்தவரும் மாட்டிக்கொள்ளலாம்.

வடிகட்ட எளிய வழி, ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டும் மறுவாழ்வு உளவியலாளரும் இந்தப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 1992-ம் ஆண்டின் ஆர்.சி.ஐ. சட்டப்படி, பதிவில்லாமல் மாற்றுத்திறனாளிகளுக்கு மறுவாழ்வுத் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எண்ணைக் கேட்டு வாங்கி, ஆர்.சி.ஐ. இணையதளத்தில் பெயரைத் தேடுங்கள். பதிவு நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். எண் கேட்டாலே முகம் சுளிப்பவரிடம் அடுத்த முறை போக வேண்டாம்.

அப்புறம் நான்கு கேள்விகள்:

- இந்த வயதில், இதே குறைபாடு உள்ள குழந்தைகளோடு வேலை செய்திருக்கிறீர்களா?
- வீட்டில் நாங்கள் செய்ய வேண்டியதைத் தமிழில் எழுதித் தருவீர்களா?
- மாதம் ஒருமுறை நேரில் வந்தால், இடையில் போனில் பேச முடியுமா?
- பில்லில் பதிவு எண், தேதி, சிகிச்சை விவரம் எல்லாம் இருக்குமா?

மலைவாழ் குடும்பத்துக்கு இரண்டாவதும் மூன்றாவதும் மிக முக்கியம். வாரம் இரண்டு முறை வரச் சொல்லும் திட்டம் சேலம் டவுனுக்கு சரி, ஏற்காட்டுக்குச் சரிப்படாது. பெற்றோருக்குக் கற்றுக்கொடுப்பவரே இங்கே நல்ல சைக்காலஜிஸ்ட். நான்காவது, நிராமயா பணம் திரும்பக் கிடைப்பதற்கு.

தேர்வு செய்ய ஆளே இல்லை என்றால்?

ஆஸ்திரேலியாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் என்.டி.ஐ.எஸ். திட்டத்தைப் பற்றிச் சொல்வதுண்டு. தெரபிக்கு என்றே நிதி ஒதுக்கி, யாரிடம் போவது என்பதைக் குடும்பத்தின் கையில் கொடுக்கும் திட்டம் அது. நம் 2,000 ரூபாயில் அப்படி ஒரு ஒதுக்கீடு இல்லை. தொகையைக் கூட்டினாலும், மலையில் ஆள் இல்லையென்றால் தேர்வு என்பது வெறும் பேச்சுதான்.

அதனால் ஆட்களை மேலே கொண்டுவருவதுதான் முதல் தேவை. உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு அரசு நடத்தும் 'உரிமைகள்' திட்டத்தின் 'விழுதுகள்' மையங்கள், பல தெரபிகளை ஒரே கூரையின் கீழ் தருவதற்கானவை. ஏற்காடு போன்ற இடங்களுக்கு இந்தச் சேவை எவ்வளவு அருகில் வருகிறது என்பதே அந்தத் திட்டத்துக்கான நிஜப் பரீட்சை.

அதுவரை இரண்டு வேலைகளை இன்றே செய்யலாம். மாவட்ட மனநலத் திட்டக் குழு எந்த நாளில் வருகிறது என்று ஏற்காடு அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். கூலியை விட்டுவிட்டு மலை இறங்குவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.