உபதேசத்தால் உடையாது ஊதியக் கொள்ளை

டெல்லி முனிர்காவின் வெளிச்சம் எட்டாத ஒற்றை அறைகளிலிருந்து புறப்பட்டு, வசந்த் குஞ்ச் வணிக வளாகங்களின் வாயிலில் பன்னிரண்டு மணிநேரம் நிற்கும் காவலாளிகள் எத்தனையோ பேர். டெல்லியில் திறன்சாராத் தொழிலாளிக்கு 2025 ஏப்ரலில் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச ஊதியம் மாதம் ரூ.18,456. முகேஷ் அம்பானி 2008-09 முதல் தமது ஆண்டு ஊதியத்தை ரூ.15 கோடியோடு நிறுத்திக்கொண்டது தன்னடக்கமாகப் போற்றப்பட்டது. அந்த 'அடக்கமான' ஓராண்டு ஊதியத்தை ஈட்ட முனிர்கா காவலாளி ஏறத்தாழ 677 ஆண்டுகள் உழைக்க வேண்டும்! பின்னர் அவர் ஊதியத்தையே துறந்தார், ஈவுத்தொகையைத் துறக்கவில்லை.

2007 மே மாதம் இந்தியத் தொழில் கூட்டமைப்பின் மேடையில், மிதமிஞ்சிய ஊதியத்தைத் தவிர்க்குமாறு பிரதமர் மன்மோகன் சிங் முதலாளிகளை வேண்டினார். அந்த உபதேசம் காற்றில் கரைந்தது. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 197ஆவது பிரிவு, இயக்குநர்களின் மொத்த ஊதியத்துக்கு நிகர லாபத்தில் 11 சதவீதம் என வரம்பிட்டது. வரம்பை மீற ஒன்றிய அரசின் ஒப்புதல் வேண்டும் என்ற தடையை மோடி அரசு 2018 செப்டம்பரில் அகற்றியது. இனி பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானமே போதும்.

பங்குதாரர்கள் தடுப்பார்களா? 2021 ஆகஸ்டில் ஐஷர் மோட்டார்ஸ் நிர்வாக இயக்குநர் சித்தார்த்த லாலின் மறுநியமன, ஊதியத் தீர்மானத்துக்குத் தேவையான 75 சதவீத வாக்கு கிட்டவில்லை. சில நாட்களிலேயே, லாபத்தில் 1.5 சதவீதம் என்ற உச்சவரம்புடன் புதிய தீர்மானம் வந்தது, நிறைவேறியது. 'பங்குதாரர் ஜனநாயகம்' வென்றதாக ஆரவாரம் எழுந்தது. ஆனால் இது உபரி மதிப்பைப் பங்கிடுவதில் எழுந்த குடும்பச் சண்டையே. குறையும் தொகை முதலீட்டாளரின் லாபத்தில் சேருமேயன்றி, அதே நிறுவனத்தின் ஒரகடம் ராயல் என்ஃபீல்டு ஆலைத் தொழிலாளியின் கூலியில் சேராது. சட்டம் தளர்ந்த அதே 2018 செப்டம்பரில்தான் அத்தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர் என்பதை மறக்கலாகாது.

இயக்குநர் ஊதியத்துக்கும் ஊழியரின் இடைநிலை ஊதியத்துக்கும் உள்ள விகிதத்தைப் பட்டியலிட்ட நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்கிறது சட்டம். அக்கணக்கிலும் முனிர்கா காவலாளிக்கு இடமில்லை. அவர் ஒப்பந்ததாரரின் ஆள்!

ஆகவே, ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்தே விகிதம் கணக்கிடப்பட வேண்டும். அதற்குச் சட்டபூர்வ உச்சவரம்பு வேண்டும். 2015 பட்ஜெட்டில் ஒழிக்கப்பட்ட செல்வ வரி மீண்டும் வர வேண்டும். மேலே வெட்டுவதை முதலாளிகளின் மனசாட்சியோ பங்குதாரரின் வாக்கோ செய்து முடிக்காது. கீழே கூலியை உயர்த்தும் சங்கத்தின் வலிமையே அதைச் சாதிக்கும்.