எளிமை என்னும் அரை உண்மை

மஸ்டா ஆர்எக்ஸ்-7 கார்களிற் பயன்பட்ட 13பீ சுழல் எந்திரத்திலே பிஸ்டனுமில்லை, வால்வுமில்லை. இரு சுழலிகளும் ஒரு தண்டுமே அதன் பிரதான அசையும் உறுப்புகள். ஆகவே, பழைய எந்திரமொன்றைப் புதுப்பித்து, வீட்டிற் கட்டிய விமானத்திற் பொருத்தினால் அது வானில் நின்றுபோகாது என்பர் அமெரிக்க ஆர்வலர் சிலர். இஃது அரை உண்மை.

எந்திரம் எளிமையானதே, அதனைப் பறக்கவைக்கும் ஏற்பாடு எளிமையானதன்று. நிமிடத்துக்கு ஏறத்தாழ 6000 முறை சுழலும் தண்டின் வேகம் விமான விசிறிக்கு ஆகாது. இடையே குறைப்புப் பற்சக்கரம் வேண்டும். அலுமினிய உறைகளும் இரும்புத் தட்டுகளும் மிகையாகச் சூடேறின் உருத்திரியும். இறப்பர் வளையங்கள் நீரைக் கசியவிடும். குளிரூட்டல், எரிபொருள், தீப்பொறி யாவும் கட்டுபவனின் கைவேலையே. சுழலியின் முனையடைப்புகளை மாற்றியதோடு பணி முடிந்ததெனக் கருதுவோர் இவற்றை எண்ணிப் பார்ப்பதில்லை.

தரையிற் பல மணிநேரம் முழுவலுவில் ஓட்டிச் சோதிக்கப்படாத எந்திரம் புதுப்பிக்கப்பட்டதன்று, துடைத்து வைக்கப்பட்டதே. வீதியோரம் வானத்திற்கு இல்லை.