கரையைத் தின்றது கடலா?

கடற்கரை அரிக்கப்படும்போதெல்லாம் கடலின்மேற் பழி போடுதல் தமிழக ஆட்சியாளர்க்கு எளிய வழக்கமாகிவிட்டது. அலை வந்தது, கரை போயிற்று, கருங்கல்லைக் கொட்டுக என்பதே அவர்கள் கற்ற நிலநூல். 1990 முதல் 2018 வரை கரையோரத்தை அளந்த நடுவணரசின் கடலோர ஆய்வு நடுவம், தமிழகக் கரையில் நூற்றுக்கு 42.7 பங்கு அரிப்புற்றதாகக் கண்டது. கடலுக்கு இத்துணைப் பசி எங்கிருந்து வந்தது? விடை கடலோரத்தில் இல்லை. சின்ன காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையருகே, ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் பாலாற்றுப் படுகையில் இருக்கிறது.

ஆறென்பது நீர் மட்டுமன்று. நந்திமலையிற் பிறந்து, கன்னட நிலமும் ஆந்திர நிலமும் கடந்து, 348 கி.மீ. ஓடும் பாலாறு, மலையை அரைத்து மணலாக்கி வாயலூரருகே கடலிற் சேர்ப்பது. அம்மணலைத் தென்மேற்குக் காற்றின் அலை வடக்கே இழுத்துச் செல்லும்; வாடைக்காற்றின் அலை ஒரு பகுதியைத் தெற்கே திருப்பும்; ஆண்டுக் கணக்கில் வடக்கே செல்வதே மிகுதி. சதுரங்கப்பட்டினம், மாமல்லை, கோவளம் எனக் கரை நெடுகிலும் உண்ணும் உணவு அதுவே. ஆறு கொடுப்பதை நிறுத்தினால் அலை கரையையே எடுத்துக்கொள்ளும். 1970-இல் அசுவான் பேரணை முடிந்தபின் நைலாற்றின் கழிமுகம் கரைந்தது இவ்வாறே.

துறைமுகச் சுவர்கள் குற்றமற்றனவோ எனின், அல்ல. சென்னைத் துறைமுகம் மணலோட்டத்தை மறித்ததால் தெற்கே மெரினா பெருத்தது. வடக்கே இராயபுரக் கரை அழிந்தது. ஆயினும் அது வழிப்பறி. பாலாற்றில் நடந்ததோ கருவறுத்தல்!

1892-ஆம் ஆண்டு சென்னை, மைசூர் உடன்படிக்கையில் பாலாறும் அடங்கும். இருந்தும் மேலே ஏரிகளும் தடுப்பணைகளும் பெருகின; ஆந்திரத்து அணைத் திட்டத்தை எதிர்த்துத் தமிழகம் 2006-இல் உச்சநயன்மன்றம் ஏறியது. ஏறியது முறையே. ஆனால், அண்டை நாட்டான் நீரைத் தடுத்தான் என்று மேடையில் முழங்கிவிட்டு, இரவோடிரவாக மணலைச் சுமையுந்தில் ஏற்றிய கை எவன் கை? தமிழன் கையன்றோ! 2003-இல் மணல் அள்ளுதலை அரசே தன் கையில் எடுத்துக்கொண்டது, கொள்ளை நின்றதா? 2017 நவம்பரில் உயர்நயன்மன்றத்தின் மதுரைக் கிளை, ஆறு திங்களுக்குள் மணற்குழிகளை மூடுக என்றது. அதன் பின்னும் குழிகள் திறந்தன.

மணல் போனால் கடற்கரைக்கு மட்டுமா கேடு? அதுவே காஞ்சியின் நீர்த்தொட்டி. ஓரிக்கையிலும் திருப்பாற்கடலிலும் ஆற்றுமணலில் ஊறும் நீரே நகரத்தார் குடிநீர். பாலாற்று நீரில் தோய்த்தாலே பட்டுக்கு ஒளி ஏறும் என்பது நெசவாளர் நம்பிக்கை. தோய்க்க நீருக்கு அவர் எங்கே போவார்?

பாலாற்றின் துணையாறு தாமல் ஏரியிற் பிறந்து, காஞ்சியைத் தொட்டுத் திருமுக்கூடலிற் கூடுவது. அதற்கு வேகவதி என்று வடமொழிப் பெயர் சூட்டினர். அதன் வெள்ளத்தைத் திருமால் குறுக்கே கிடந்து தடுத்தார் என்று கதை கட்டி, சின்ன காஞ்சியின் வெஃகா என்னும் பெயரையும் அதிலிருந்தே பிறப்பிப்பர். கதை வளர்ந்தது, ஆறு சாய்க்கடை ஆனது. தமிழில் வெஃகுதல் என்பது பிறர் பொருளை அவாவுதல். வள்ளுவர் வெஃகாமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அப்பெயர் எவ்வழி வந்ததாயினும் ஆகுக. வெஃகாவின் அருகிலேயே வெஃகியோர் ஆற்றை அள்ளிச் சென்றனர்.

2019-இல் வாயலூரில் தடுப்பணை எழுந்தது. உவர்நீர் ஏறாமற் காக்கும், நன்னீர் தேக்கும், நன்றே. ஆனால் 2021 நவம்பர்ப் பெருவெள்ளம் போல் என்றோ வரும் வெள்ளம் அடித்துவரும் மணலாவது கடலை அடைய வேண்டாவா? பாலாற்றில் மணல் அள்ளுதல் முற்றாக நிறுத்தப்படல் வேண்டும். அணைக்குப் பின் தேங்கும் மணலை ஏலங்கூறாது கரைக்கே சேர்த்தல் வேண்டும். இவ்விரண்டும் செய்யாது மாமல்லைக் கரையிற் கல்லடுக்க ஒதுக்கும் பணம் யாருக்கு?