நவீனத்துவம் யாருக்குக் காலாவதி?

தமிழில் நவீனத்துவம் முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வெளியாகிக்கொண்டிருக்கிறது. 1990களின் பின்நவீனத்துவ விவாதங்களில் கோஷமாக எழுந்தது, இன்று கேள்வியற்ற நம்பிக்கையாக உறைந்துபோயிருக்கிறது. அதன் சாரம் இதுதான்: நவீனத்துவம் மேற்கிலிருந்து இறக்குமதியான நகரத்துச் சரக்கு, படித்த நடுத்தர வர்க்க ஆணின் தனிமைப் புலம்பல், மண்ணுக்கும் மக்களுக்கும், குறிப்பாகப் பழங்குடிகளுக்கு, அந்நியமானது, ஆகவே அதைக் கைகழுவிவிட்டு நாட்டார் மரபுக்குத் திரும்புவதே விமோசனம். இந்த வாதத்தின் முன்பகுதியில் கொஞ்சம் உண்மை உண்டு. அதன் முடிவில் இருப்பது அநீதி. அந்த அநீதியைக் காணச் சென்னை வசதியான இடமல்ல. சேர்வராயன் மலைமேல், ஏற்காடு வட்டத்து வாழவந்தியில் நின்று பார்க்க வேண்டும்.

வாழவந்தியை நவீனம் தொடாத ஊர் என்று நினைப்பவர்கள் காப்பிச் செடியைப் பார்த்ததில்லை. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். விளைவித்தவன் உண்பதற்காக அல்லாமல் விற்பதற்காகவே விளையும் பயிர் அது. அதன் விலையைத் தீர்மானிக்கும் சந்தையை மலைவாசி ஒருநாளும் கண்டதில்லை. நிழலுக்கென நடப்பட்ட சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். பின்னர் காடு அளக்கப்பட்டது, ஒதுக்கப்பட்டது. சாமையும் கேழ்வரகும் விதைத்தவர்களில் பலர் தோட்டக் கூலிகளானார்கள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலையின் பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறங்கியது. ஆக, இம்மலையின் மலையாளிப் பழங்குடிகள் இருநூறு ஆண்டுகளாக நவீனத்துக்குள்தான் வாழ்கிறார்கள். அதன் சுமையை நம்மில் பலரைவிட அதிகமாகவே சுமந்தவர்கள் அவர்கள்.

இங்கேதான் நமது விமர்சகர்கள் ஒரு சொற்குழப்பத்தில் குளிர்காய்கிறார்கள். நவீனமயமாதல் வேறு, நவீனத்துவம் வேறு. ரயிலும் சர்வேக் கல்லும் தோட்டத்துச் சம்பளப் பதிவேடும் முன்னதைச் சேர்ந்தவை. அவற்றால் சிதறுண்ட மனிதன் தன் சிதறலைச் சொல்வதற்குத் தேடிக்கொண்ட மொழி பின்னது. முன்னது செய்த குற்றங்களுக்குப் பின்னதைக் கூண்டில் ஏற்றுவது, காய்ச்சலுக்காக வெப்பமானியை உடைப்பதற்கு ஒப்பானது.

இறக்குமதி என்ற குற்றச்சாட்டையும் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கும் சேலத்திலிருந்துதான் 1968இல் 'நடை' வெளிவந்தது. அதன் பின்னிருந்த சி. மணி ஆங்கிலப் பேராசிரியர். எலியட்டைக் கரைத்துக் குடித்தவர். ஆனால் அவரே தமிழ் யாப்பை அதன் உள்ளறைகள்வரை அறிந்து, அதைப் பற்றி விரிவாக எழுதியவரும்கூட. மரபை அறியாதவர்கள் மரபை உடைத்தார்கள் என்ற கதை அவரிடம் செல்லுபடியாகாது. ஓவியத்தில் கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை, ஜாதகக் கட்டங்களையும் கையெழுத்துச் சுவடிகளையும் நினைவூட்டும் பரப்புகளைக் கொண்டது. 1966இல் அவர் முன்னின்று உருவாக்கிய சோழமண்டலத்தில் கலைஞர்கள் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்றுத் தம் வயிற்றைக் கழுவினார்கள். கே.எம். ஆதிமூலத்தின் கோடுகள் சிற்றிதழ்களுக்கும் நூல் அட்டைகளுக்கும் ஏறி, தமிழ் எழுத்தைப் பார்க்கும் விதத்தையே மாற்றின. இவையெல்லாம் கப்பலில் வந்திறங்கிய சரக்கு என்றால், இங்கே எதுதான் உள்ளூர்ச் சரக்கு?

ஆனால் எதிர்த்தரப்பு சொல்லாமல் விட்ட ஓர் உண்மையான குற்றச்சாட்டு இருக்கிறது. அதை நான் சொல்கிறேன். சேலத்துத் தெருக்களிலிருந்து அண்ணாந்தால் அந்த மலை தெரியும். அது தமிழ் நவீனத்துவத்தின் கண்ணில் படவில்லை. நகரத்து மாலையில் அலையும் இளைஞனின் நரகம் எழுதப்பட்டது. முப்பது கிலோமீட்டர் தொலைவில் காப்பி பறித்தவளின் மாலை எழுதப்படவில்லை. 'எழுத்து' தொடங்கிய 1959இலிருந்து 'நடை' நின்றபின் 1970இல் வந்த 'கசடதபற' வரை, 'நான்' என்று பேசியவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான வீடுகளிலிருந்து வந்தவர்கள். இந்தக் குறை பார்வையின் குறை. அதற்காக அந்த வடிவத்தைத் தண்டிக்க முடியாது. கண்ணாடியை ஒருவர் ஒரே ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தால், அதை இன்னொரு பக்கம் திருப்ப வேண்டும். எறிந்துவிடக் கூடாது.

சரி, நவீனத்துவத்தைக் கைகழுவச் சொல்பவர்கள் வாழவந்திக்கு வைத்திருக்கும் மாற்று என்ன? பாட்டுத் தொகுப்பு, சடங்கு விவரணை, ஒளிப்படக் கண்காட்சி. எல்லாவற்றிலும் மலைவாசி 'அவர்கள்' என்ற பன்மையில் மட்டுமே வருகிறார். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் மனிதர்கள் மூக்கின் அளவுகளாக வந்தார்கள். நாம் அளவுகோலை மட்டும் மாற்றியிருக்கிறோம். மூக்குக்குப் பதில் பாட்டு. தொகுப்பதை நான் பழிக்கவில்லை. அது தேவையான பணி. ஆனால் ஒரு சமூகத்திடம் பாட்டை மட்டும் கேட்டு, அதன் தனி மனிதர்களின் சந்தேகத்தையும் சலிப்பையும் காமத்தையும் கடவுள் மறுப்பையும் கேட்க மறுப்பது மரியாதையாகாது. மாலை போட்டு வாசலிலேயே நிறுத்திவைக்கும் உபசாரம் அது.

'நான்' என்ற சொல் சொகுசு என்பவர்கள் வாச்சாத்தியை நினைத்துப்பார்க்கட்டும். இதே மலையாளிப் பழங்குடிகள் வாழும் அந்தத் தர்மபுரி மாவட்டக் கிராமத்தில், 1992 ஜூன் 20 அன்று வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் புகுந்து வீடுகளைச் சூறையாடினார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என 2011இல் தீர்ப்பு வந்தது. 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்தப் பெண்களுக்கு நீதியைப் பெற்றுத் தந்தவற்றில் முதன்மையானது, ஒவ்வொருத்தியும் நீதிமன்றத்தில் நின்று தன் குரலில் சொன்ன சாட்சியம். 'அவர்கள்' என்ற பன்மை சாட்சிக் கூண்டில் ஏற முடியாது. 'நான்' மட்டுமே ஏற முடியும். தனிமனிதக் குரல் மேற்கத்திய நோய் என்று கட்டுரை எழுதுபவர்கள் இந்தப் பெண்களிடம் போய் அதைச் சொல்லட்டும்.

முயற்சிகள் இல்லாமலில்லை. ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்' நீலகிரிப் படகர் வாழ்வுக்குள் சென்றது. ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' 2004இல் வந்து நம் உறக்கத்தைக் கெடுத்தது. இரண்டும் மதிக்கத்தக்கவை, இரண்டுமே கீழிருந்து மேலேறிச் சென்ற எழுத்துகள். நாம் காத்திருக்க வேண்டியது மேலிருந்து வரும் எழுத்துக்கு.

அது வரும்போது எப்படி இருக்கும்? வாழவந்தியின் ஒரு பெண் எழுத வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் சேர்வராயன் கோயில் திருவிழாவைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பேருந்துக்குக் காத்திருக்கும் அலுப்பை எழுதலாம். தன் குலத்தையே கேலி செய்யலாம். வடிவத்தைத் துண்டுதுண்டாக உடைத்து, ஒன்றும் புரியவில்லை என்று நம்மை எரிச்சலடையச் செய்யலாம். அப்போது நாம், 'உங்கள் பாட்டி பாடிய பாட்டு ஒன்று கொடுங்களேன், இந்த நவீனத்துவமெல்லாம் எங்களுக்குப் பழையதாகிவிட்டது' என்று சொல்லப்போகிறோமா?

விருந்துண்டு எழுந்தவன் பந்தியைக் கலைக்கலாம் என்று சொல்வது எளிது. மலையிலிருந்து வருபவர்களுக்கு இன்னும் இலையே போடவில்லை. அதுவரை நவீனத்துவத்தின் மரண அறிவிப்பை ஒத்திவைப்பதே நமக்கு அழகு.