"நீ ஆம்பிளைதானா?"

தோழர்களே! இளவட்டக்கல்லைத் தூக்கியவனுக்கே பெண் என்று தென்பாண்டிச் சீமையில் ஒரு காலத்தில் வழக்கமிருந்தது. அந்தக் கல் இன்று மண்ணில் பாதி புதைந்து கிடக்கிறது. நம் முதுகை விட்டு மட்டும் இறங்கவில்லை, மூட்டையாக மாறிவிட்டது!

ஆண் தொழிலாளி சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டலாகாது என்று 1967ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் சிபாரிசு செய்தது. அரிசி ஆலைகளிலோ 75 கிலோ நெல் மூட்டை இன்றும் தோளில் ஏறுகிறது. "கனக்கிறது" என்றால், "நீ ஆம்பிளைதானா?" என்கிறான் மேஸ்திரி. அந்த ஒரு சொல்லுக்கு ரோஷப்பட்டு, கூலியைப் பற்றிய பேச்சையே மறந்து, இன்னும் இரண்டு மூட்டை தூக்குகிறோம். முதலாளிக்கு இதைவிட மலிவான சாட்டை கிடைக்குமா?

மேஸ்திரியை மட்டும் ஏசுவானேன்? அவனோடு சேர்ந்து நாமும்தானே சிரித்தோம்! இடுப்பு ஒடிந்தவன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் வலியைக் குடியில் அமுக்குகிறான்.

வருகிற சங்கக் கூட்டத்தில் மூட்டையின் எடையைக் கோரிக்கையில் சேர்ப்போம். "எனக்கு இடுப்பு வலிக்கிறது" என்று முதலில் ஒருவன் எழுந்து சொல்லட்டும். எவன் சிரிக்கிறான், பார்க்கலாம்!