குடியோட்டிப் பூண்டைப் பிடுங்குங்க. பாட்டிலை வீட்டுக்குக் கொண்டு வராதீங்க.

1/
பொங்கல் முடிஞ்சு வெயில் ஏறுற நேரம். வீட்டுக்குப் பின்னால, காலி மனையில, ரோட்டோரத்துல மஞ்சள் பூவோட ஒரு முள்ளுச்செடி நிக்குதா? இலை சாம்பல் கலந்த பச்சை, நரம்பு வெள்ளை, உடம்பெல்லாம் முள், ஒடிச்சா மஞ்சள் பால். பிரம்மதண்டுன்னு சொல்வாங்க. குடியோட்டிப் பூண்டுன்னும் பேர்.

இந்தத் திரெட் அந்தச் செடியைப் பற்றியது. அதைவிட அதிகமா, அதைக் கொல்ல நீங்க வாங்கப் போற பாட்டிலைப் பற்றியது.

2/
நான் அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற எம்பிபிஎஸ் டாக்டர். "களையைப் பத்தி டாக்டருக்கு என்ன தெரியும்"னு கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா களைக்கொல்லி ஒரு மனுஷனோட வாயில, கிட்னியில, நுரையீரல்ல என்ன செய்யும்னு வார்டுல நின்னு பார்க்கிறவன் நான். அந்த உரிமையில எழுதுறேன். கொஞ்சம் கோபமாவும் எழுதுறேன்.

3/
ஒருத்தரைப் பற்றிச் சொல்றேன். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

நாற்பது வயசு, லோடு வண்டி ஓட்டுறவர். பின்வாசல்ல முள்ளுச்செடி மண்டிக் கிடக்கு, பேத்தி நடக்க ஆரம்பிச்சிருக்கா, கால்ல குத்திடும்னு அவரோட அம்மாவுக்குக் கவலை. பக்கத்துத் தோப்புக்காரர்கிட்ட மிச்சமிருந்த களைக்கொல்லியை ஒரு கூல்டிரிங்ஸ் பாட்டில்ல ஊத்தி வாங்கிட்டு வந்தாங்க. பாதியை அடிச்சாச்சு. மீதி துவைக்கிற கல் ஓரமா இருந்தது.

மறுநாள் மதியம் வேலை முடிஞ்சு வந்தவர் தாகத்துல எடுத்து ஒரு வாய் வெச்சார். ருசி மாறினதும் துப்பிட்டார். ஆனா கொஞ்சம் உள்ளே போயிடுச்சு.

4/
நடந்துதான் வந்தார். பிரஷர் சரி, பல்ஸ் சரி. "துப்பிட்டேன் சார், ஒண்ணும் இல்லைல? சாயங்காலம் லோடு இருக்கு"ன்னார். அவரோட மனைவி கொண்டு வந்த பாட்டில்ல லேபிள் கிடையாது. தோப்புக்காரருக்குப் போன் பண்ணிப் பேர் கேட்டோம். பாராகுவாட்.

அந்தப் பேரைக் கேட்டதும் ட்யூட்டியில இருந்த எல்லாரும் அமைதியாயிட்டோம். அவருக்கு மட்டும் ஏன்னு புரியலை.

5/
மூணாம் நாள் வாயெல்லாம் புண். சிறுநீர் குறைஞ்சது, கிரியாட்டினின் ஏறிச்சு. அப்புறம் மூச்சு. பாராகுவாட் நுரையீரல்ல போய்ச் சேர்ந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமா தழும்பாக்கும். ஆக்சிஜன் அந்த வேலையை இன்னும் வேகப்படுத்தும். அதனால ஆக்சிஜன் அளவு நல்லா இறங்குற வரைக்கும் மாஸ்க் வைக்கிறதையே தள்ளிப் போடுவோம்.

மூச்சு வாங்குற புருஷனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு "அந்த மாஸ்க்கை வைங்க சார்"னு கெஞ்சுற மனைவிக்கு இதை எப்படிப் புரிய வைப்பீங்க? எனக்கு இன்னைக்கும் தெரியலை.

கடைசி வரை நினைவோடதான் இருந்தார்.

6/
பாராகுவாட்டுக்கு மாற்று மருந்து கிடையாது. பாம்புக்கடின்னா ஊசி இருக்கு. வேற சில பூச்சிமருந்துகளுக்கு அட்ரோபின் இருக்கு. இதுக்கு எதுவும் இல்லை. டயாலிசிஸ், ஸ்டீராய்டுன்னு கையில இருக்கிறதை எல்லாம் செஞ்சு பார்ப்போம். பிழைக்கிறவங்க இருக்காங்க. ஆனா உறுதி சொல்ல முடியாது.

ரெண்டு சென்ட் பின்வாசல்ல முளைச்ச பத்து முள்ளுச்செடிக்காக இதை வீட்டுக்குள்ள கொண்டு வரணுமா? என் கேள்வி அவ்வளவுதான்.

7/
"நாங்க ஜாக்கிரதையா வெச்சுக்குவோம்." எல்லா வீட்டுலயும் இதைத்தான் சொல்றாங்க. ஆனா வீடுன்னா குழந்தை இருக்கும். கண் மங்கின தாத்தா இருப்பார். கடன்லயோ சண்டையிலயோ மனசு உடைஞ்சு ஒரு நிமிஷம் தடுமாறுறவங்களும் இருப்பாங்க. அந்த நிமிஷம் கடந்து போயிடும். கடந்து போற வரைக்கும் விஷம் கைக்கெட்டுற தூரத்துல இருக்கக் கூடாது.

இதைப் படிக்கிற உங்களுக்கே மனசு அப்படி இருந்தா, இப்பவே 104 அல்லது 14416க்குப் பேசுங்க. ரெண்டும் இலவசம்.

8/
அடுத்த தப்பு, லேபிள்ல இருக்கிற முக்கோணத்தோட நிறம். "சிவப்புதானே ஆபத்து, இது மஞ்சள்தானே"ன்னு கடையிலயே சொல்லி விக்கிறாங்க. இது டிராஃபிக் சிக்னல் இல்லைங்க. நம்ம நாட்டு லேபிள்ல சிவப்புன்னா மிகக் கடுமையான விஷம். மஞ்சள் அதுக்கு அடுத்த படி, அதுவும் கடுமையான விஷம்தான். அதுக்குக் கீழே நீலம், பச்சை. பாராகுவாட் பாட்டில்ல இருக்கிறது மஞ்சள்.

9/
சட்டமும் உங்க பக்கம் இல்லை. பாராகுவாட்டுக்கு அனுமதி இருக்கிறது தேயிலை, உருளை, பருத்தி, ரப்பர் மாதிரி குறிப்பிட்ட பயிர்களுக்குத்தான். வீட்டு முற்றம் அதுல கிடையாது.

"சரி, கிளைபோசேட் வாங்கிக்கிறேன்"னு சொல்றீங்களா? 2022 அக்டோபர்ல மத்திய அரசு அதுக்கும் கட்டுப்பாடு போட்டுச்சு. உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள் மூலமாத்தான் அடிக்கணும். நீங்களே கைத்தெளிப்பானை எடுத்துக்கிட்டுப் போக முடியாது.

10/
இப்போ முக்கியமான விஷயம். இவ்வளவு ஆபத்தை விலைக்கு வாங்கினாலும் செடி ஒழியாது.

பாராகுவாட் பட்ட பச்சையை மட்டும் கருக்கும். மண்ணுல பட்டதும் மண்ணோட ஒட்டிக்கிட்டு வேலை செய்யாது. மண்ணுக்குள்ள தூங்குற விதையை அது தொடாது. ஒரு பிரம்மதண்டுச் செடி ஆயிரக்கணக்குல விதை போடும், அது வருஷக்கணக்கா உயிரோட கிடக்கும். ரெண்டே நாள்ல எல்லாம் காய்ஞ்சதைப் பார்த்துச் சந்தோஷப்படுவீங்க. அடுத்த மழைக்கு அதே இடத்துல அதே செடி நிக்கும். நீங்க மறுபடி கடைக்குப் போவீங்க.

பிடிவாதம் செடிக்கு இல்லை, விதைக்கு.

11/
அப்போ செடியை அப்படியே விட்டுடணுமா? கூடாது. கண்டிப்பா எடுக்கணும். டாக்டராவே சொல்றேன்.

சர்க்கரை நோயில கால் மரத்துப் போனவருக்கு முள் ஏறினதே தெரியாது. சீழ் வெச்ச பிறகுதான் எங்ககிட்ட வருவார். சில பேர் விரலைக் கொடுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவாங்க. நெருஞ்சி முள்ளுக்கும் இதே கதைதான்.

விதையும் விஷம்தான், பார்க்கக் கடுகு மாதிரியே இருக்கும். 1998ல டெல்லியில கடுகெண்ணெயில இந்த விதை எண்ணெய் கலந்து ஏறக்குறைய 3,000 பேர் பாதிக்கப்பட்டாங்க, 60க்கும் மேல இறந்தாங்க. கால் வீங்கி, மூச்சு முட்டி, இதயம் தளர்ந்து போற நோய் அது.

அந்த மஞ்சள் பாலைக் கண்ணுக்கு மருந்துன்னு விடுறவங்களும் இருக்காங்க. தயவுசெஞ்சு விடாதீங்க.

12/
எப்படி ஒழிக்கிறது? நேரம்தான் மருந்து.

வடகிழக்குப் பருவமழை ஓயும்போது, கார்த்திகை மார்கழியில, இது தரையோட படிஞ்ச ரோஜாப்பூ வடிவத்துல இலை விடும். அப்போ பூ இருக்காது, முள்ளும் மெத்துன்னு இருக்கும். அதுதான் எடுக்க வேண்டிய நேரம். பூ வந்த பிறகுதான் நம்ம கண்ணுக்கே படுது, அதுதான் பிரச்சினை.

13/
மண் ஈரமா இருக்கிற காலையில களைக்கொத்து எடுத்துக்குங்க. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்க. கைக்குத் தடிமனான கையுறை. தரைக்கு ரெண்டு மூணு அங்குலம் கீழே ஆணிவேரை வெட்டி, செடியைத் தலையோட எடுங்க. மேலே இலையை மட்டும் அரிஞ்சு விட்டா மறுபடி தழையும்.

பால் கையில பட்டா சோப்புப் போட்டுக் கழுவுங்க. அந்தக் கையால கண்ணைத் தொடாதீங்க.

14/
பூவும் காயும் வந்தாச்சா? முதல்ல காயை வெட்டி ஒரு சாக்குல போட்டுக் கட்டுங்க. அப்புறம் செடியை எடுங்க. பிடுங்கிப் போட்ட செடியிலயும் முத்தின காய் வெடிச்சு விதை கொட்டும். எருக்குழியில போட்டா அந்த எருவோட தோட்டம் முழுக்கப் பரப்புவீங்க.

15/
எடுத்த இடத்தை வெறுமனே விடாதீங்க. வெறும் தரைதான் இந்தச் செடிக்குப் பிடிச்ச வீடு. ஜேசிபி விட்டுச் சுரண்டின மனையில எது முதல்ல முளைக்குதுன்னு பாருங்க.

தென்னோலை, மட்டை, கரும்புச் சோகை, எது கிடைக்குதோ அதைத் தடிமனாப் பரப்புங்க. மழை ஈரத்துல தட்டப்பயறோ பூசணியோ போடுங்க. நிழல் விழுந்தா விதை முளைக்கிறது குறையும். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை ஒரு நடை நடந்து, முளைச்சதை எடுங்க. ரெண்டு மூணு மழைக்காலம் விதை விழ விடாம பார்த்துக்கிட்டா தானா குறைஞ்சிடும்.

16/
யூடியூப்ல பார்த்துட்டு உப்பைக் கொட்டுறது, டீசல் ஊத்துறது, பாத்ரூம் ஆசிட் ஊத்துறது, இதெல்லாம் வேண்டாம். உப்பு உங்க மண்ணையும் கிணத்தையும் கெடுக்கும். ஆசிட் தெறிச்சுக் கண் போனவங்களையும் நாங்கதான் பார்க்கிறோம்.

17/
"ஆள் கிடைக்கலை டாக்டர், கூலி கட்டுபடியாகலை." பத்து ஏக்கர் வெச்சிருக்கிற விவசாயி சொன்னா அது வேற பேச்சு, அவரோட கஷ்டம் நிஜம். நான் பேசுறது வீட்டுக்குப் பின்னால இருக்கிற ரெண்டு சென்டைப் பற்றி. அங்கே ஒரு ஞாயித்துக்கிழமை காலை போதும்.

விவசாயத்துக்கே இது இல்லாம முடியாதுன்னு சொல்றவங்களுக்கும் பதில் இருக்கு. கேரளா 2011ல பாராகுவாட்டைத் தடை செஞ்சது. இலங்கை 2008ல இருந்து 2011க்குள்ள இதையும் இன்னும் ரெண்டு பூச்சிமருந்தையும் படிப்படியா நிறுத்துச்சு. பூச்சிமருந்தால நடந்த தற்கொலைச் சாவுகள் குறைஞ்சது, விளைச்சல் விழலை. ஐரோப்பிய ஒன்றியத்துல 2007லயே அனுமதி போயிடுச்சு. அங்கெல்லாம் களை முளைக்காமலா இருக்கு?

18/
ஏற்கெனவே யார் வாயிலயாவது பட்டுடுச்சுன்னா:

ஒரு துளிதானேன்னு காத்திருக்காதீங்க. உடனே 108.
உப்புத் தண்ணி, சோப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க.
உடம்புல பட்ட துணியைக் கழட்டி, தோலைச் சோப்புப் போட்டு நல்லாக் கழுவுங்க.
பாட்டிலையும் லேபிளையும் கையோட கொண்டு வாங்க.
"நல்லாத்தானே பேசுறார்"னு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. முதல் நாள் எல்லாருமே நல்லாத்தான் பேசுவாங்க.

19/
கடைசியா ஒரு வேலை. இதைப் படிச்சு முடிச்சதும் எழுந்து போய்ப் பாருங்க. மோட்டார் ரூம், மாடிப்படிக்குக் கீழே, துவைக்கிற கல் ஓரம், மாட்டுக் கொட்டகைப் பரண். லேபிள் இல்லாத பாட்டில் ஏதாவது இருக்கா? இருந்தா முதல்ல பூட்டி வைங்க. சாக்கடையில ஊத்தாதீங்க. எப்படி அப்புறப்படுத்துறதுன்னு பக்கத்துல இருக்கிற வேளாண்மை விரிவாக்க மையத்துல கேளுங்க.

20/
இந்தச் செடி வீட்டுல இருந்தா குடியை ஓட்டிடும்னு பெரியவங்க பேர் வெச்சாங்க. நான் பார்த்த வரைக்கும் செடி எந்தக் குடியையும் ஓட்டலை. அதைக் கொல்ல வாங்கிட்டு வந்த பாட்டில்தான் ஓட்டியிருக்கு.

களைக்கொத்தை எடுங்க. ஒரு காலைப் பொழுது போதும்.

ஊர்ல இருக்கிற உங்க அம்மா அப்பாவுக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க.